கிடங்கு நடத்துவது எப்படி: சரக்கு இறங்குவதிலிருந்து கணக்கு சரிபார்ப்பது வரை

குடோன் வேண்டும் என்று முடிவானதும் பேச்சு நேராகச் சதுர அடிக்குப் போய்விடுகிறது. அதற்கு முன்னால் மூன்று எண்கள் கையில் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு சரக்கு உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது, சராசரியாக எத்தனை நாள் உள்ளே தங்குகிறது? இடம், ரேக், வண்டி, ஆள், கதவுகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் இந்த மூன்றை வைத்துத்தான் கணக்கிட முடியும்.

சரக்கு ஏன் தங்குகிறது என்பதைப் பொறுத்துக் கிடங்கின் வகையும் மாறும். அறுவடை ஒரு பருவத்தில் முடிந்துவிடும், சாப்பாடு ஆண்டு முழுவதும் வேண்டும். இதற்குத் தானியக் கிடங்கு. தொழிற்சாலை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளும், கடை பத்துப் பத்தாகக் கேட்கும். இதற்கு விநியோகக் கிடங்கு. இறக்குமதிச் சரக்கைச் சுங்கவரி கட்டாமல் வைத்திருந்து, வெளியே எடுக்கும்போது மட்டும் வரி கட்ட வழி செய்வது சுங்கப் பிணைக் கிடங்கு. உறைந்த உணவுக்கு -18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்திருக்கும் குளிர்கிடங்கு. ஒரு வாசலில் இறக்கி, பிரித்து, சில மணி நேரத்திலேயே மறு வாசலில் ஏற்றி அனுப்பும் இடமும் உண்டு. அங்கே ரேக்கே தேவைப்படாது. பொதுக் கிடங்கில் சரக்கை வைத்துவிட்டு, அவர்கள் தரும் ரசீதை அடமானமாகக் காட்டி வங்கியில் கடன் வாங்குவதும் பழைய வழக்கம்தான்.

வகை எதுவானாலும் சரக்கு சேதமாகாமல், தேடவைக்காமல், கணக்கு பிசகாமல் வெளியே வர வேண்டும். கிடங்குகளில் நடக்கும் குழப்பத்தில் பெரும்பகுதி “இப்போதைக்கு இங்கே இருக்கட்டும்” என்று ஒரு பேலட்டை (சரக்கை அடுக்கி வண்டியால் தூக்கும் பலகை மேடை) இறக்கி வைக்கும் அந்த நிமிடத்தில்தான் தொடங்குகிறது. இந்த வழிகாட்டியில் சொல்வதில் பாதி அந்த நிமிடத்தைத் தவிர்ப்பதற்காகத்தான்.

எவ்வளவு இடம் வேண்டும்

ஒரு நாளைக்கு 100 பேலட் வருகிறது, ஒவ்வொன்றும் சராசரியாக 10 நாள் தங்குகிறது என்றால், எந்த நாளில் எண்ணினாலும் உள்ளே சுமார் 1,000 பேலட் இருக்கும். இது சராசரிதான். பண்டிகை, பருவம், மாதக் கடைசி என்று ஏறும் காலத்துக்கு 30 சதவீதம் கூட்டினால் 1,300. இதோடு நிறுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். மொத்த இடத்தில் 85 சதவீதம் நிரம்பியதுமே ரேக் கிடங்கு வேலைக்கு லாயக்கில்லாமல் போகத் தொடங்கும். புதிய பேலட்டுக்கு இடம் தேட வேண்டும், ஒன்றை எடுக்க இன்னொன்றை நகர்த்த வேண்டும், நடைவழியில் சரக்கு நிற்கும். ஆகவே 1,300-ஐ 0.85 ஆல் வகுத்துச் சுமார் 1,530 பேலட் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி இடத்துக்கும் வாடகை கொடுக்கிறோமே என்று முதலாளிக்கு மனசு அடித்துக்கொள்ளலாம். வேலை நடப்பதே அந்தக் காலி இடத்தில்தான் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போது இதைத் தரைக்குக் கொண்டுவருவோம். பேலட் 1200 × 1000 மி.மீ., சரக்கோடு சேர்த்து உயரம் 1.5 மீட்டர் என்று கொள்வோம். மேலே 100 மி.மீ. இடைவெளி, பேலட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பீமின் தடிமன் 120 மி.மீ. சேர்த்தால் ஒரு தட்டுக்கு 1.72 மீட்டர். தரையில் ஒன்று, அதன்மேல் மூன்று என நான்கு தட்டு போட்டால் கடைசிப் பேலட்டின் உச்சி 6.66 மீட்டரில் நிற்கும். நான்கு தட்டில் 1,530 பேலட் என்றால் தரையில் 383 இடம். அகலத்தில் இரண்டு பேலட்டுக்கு 2 × 1000 மி.மீ., பேலட்டுகளுக்கும் தூண்களுக்கும் நடுவே 75 மி.மீ. வீதம் மூன்று இடைவெளி, ஆக 2,225. அதற்கு 2,300 மி.மீ. பீம் போடலாம். தூணையும் சேர்த்தால் ஒரு பேலட்டுக்கு 1.2 மீட்டர் ஓட்டம். முதுகோடு முதுகாக நிற்கும் இரண்டு ரேக்குக்கு, நடுவில் விடும் 150 மி.மீ. இடைவெளியோடு, ஆழம் 2.55 மீட்டர்.

மீதியை முடிவு செய்வது வண்டி. சாதாரண ஃபோர்க்லிஃப்ட்டுக்கு நடைவழி 3.5 முதல் 4 மீட்டர் வேண்டும். ஃபோர்க்கை முன்னே நீட்டி எடுக்கும் ரீச் டிரக் 2.7 முதல் 3 மீட்டரில் திரும்பிவிடும். குறுகிய நடைவழிக்கென்றே செய்த வண்டிக்கு 1.6 முதல் 1.8 மீட்டர் போதும், ஆனால் தரை துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும், வழிகாட்டிக் கம்பியோ தண்டவாளமோ வேண்டும். மேற்சொன்ன கணக்கில் 3.7 மீட்டர் நடைவழி விட்டால் ரேக் பகுதிக்கு மட்டும் சுமார் 1,440 சதுர மீட்டர் ஆகும், 2.9 மீட்டர் என்றால் 1,250. வண்டியைத் தீர்மானித்த பிறகுதான் ரேக் வரைபடம் போட வேண்டும் என்பது இதனால்தான். இறக்கி வைக்கும் இடம், பேக்கிங், குறுக்கு வழி, பேட்டரி சார்ஜ், திரும்பி வரும் சரக்கு ஆகியவற்றுக்கு இதன்மேல் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு சேருங்கள். இறக்கும் முற்றத்தில் கஞ்சத்தனம் காட்டிய கிடங்கில் எல்லா நாளும் நெரிசல்தான்.

ரேக்கைத் தேர்ந்தெடுத்தல்

எந்தப் பேலட்டையும் எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடிகிற சாதாரண ரேக்தான் முக்கால்வாசிப் பேருக்குப் பொருந்தும். வண்டி உள்ளேயே நுழைந்து வரிசையாக வைக்கும் டிரைவ்-இன் ரேக் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். ஆகவே ஒரே பொருள், ஒரே பேட்ச் (ஒரே தயாரிப்புத் தொகுதி), நிறைய பேலட் என்றால் மட்டுமே அது சரி. காலாவதித் தேதி உள்ள பொருளை அதில் வைத்தால் பழைய பேட்ச் உள்ளே சிக்கிக்கொண்டு கெட்டுப்போகும். உருளைகளில் சரிவாக உருண்டு வரும் ரேக்கில் ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் எடுக்கலாம். முதலில் வந்தது முதலில் போகும். விலையும் பராமரிப்பும் அதிகம். குழாய், கம்பி, மரச்சட்டம் போன்ற நீளமானவற்றுக்குக் கை நீட்டிய கான்டிலீவர் ரேக்.

பீமின் மேல் எழுதியிருக்கும் எடை ஒரு ஜோடி பீமுக்கு, அதுவும் எடை சமமாகப் பரவியிருந்தால்தான். தூணின் தாங்குதிறன் தனிக்கணக்கு. முதல் பீம் தரையிலிருந்து எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். உயரமான சரக்கு வந்துவிட்டது என்று கீழ்ப் பீமைக் கழற்றி மேலே மாட்டினால், பிடிப்பில்லாத தூணின் நீளம் கூடி, வளையாமல் தாங்கும் திறன் சரிந்துவிடும். நீளம் இரட்டித்தால் அது நாலில் ஒரு பங்காகக்கூடக் குறையும். ஆகவே ரேக் செய்தவரிடம் புதிய எடைப் பலகையை எழுதி வாங்காமல் பீமை நகர்த்தாதீர்கள்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முகவரி

நடைவழி, கட்டம் (இரண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள பகுதி), தட்டு, இடம் என்ற நான்கும் சேர்ந்து ஒரு முகவரி. 07-12-3-2 என்றால் 7-ஆம் நடைவழி, 12-ஆவது கட்டம், கீழிருந்து 3-ஆவது தட்டு, இடப்பக்கத்திலிருந்து 2-ஆவது பேலட். ஒரு பக்கம் ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை என்று கட்டங்களுக்கு எண் வையுங்கள். எடுப்பவர் நேராக நடந்தபடியே இரண்டு பக்கமும் எடுத்துக்கொண்டு போகலாம். எல்லா எண்ணும் ஒரே நீளத்தில் இருக்கட்டும். 7 என்றும் 07 என்றும் கலந்து எழுதினால் கணினியில் வரிசை குழம்பும். நாளை நடுவில் ஒரு நடைவழி சேரலாம் என்று தோன்றினால் எண்களில் இடைவெளி விட்டு வையுங்கள்.

அதிகம் நடக்கும் பிழை தட்டு மாறிப்போவதுதான். மேல் தட்டுகளின் பார்கோடுகளையெல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் ஒரே தூணில் ஒட்டியிருப்பார்கள். ஆள் 3-ஐ ஸ்கேன் செய்துவிட்டு 4-இல் வைத்துவிடுவார். தட்டுக்கு ஒரு நிறம் கொடுங்கள். கூடவே ஒவ்வொரு இடத்திலும் இரண்டு இலக்கச் சரிபார்ப்பு எண் ஒட்டி, அதைப் பார்த்து உள்ளிட்டால்தான் கணினி அடுத்த வேலையைத் தரும்படி அமைத்துவிடுங்கள். பிழை பெருமளவு குறையும். தரையில் கோடு போட்ட இடங்களுக்கும், இறக்கும் முற்றத்துக்கும், சேதச் சரக்கு வைக்கும் மூலைக்கும்கூட முகவரி வேண்டும். முகவரி இல்லாத சதுர அடி ஒன்று விட்டு வைத்தாலும் சரக்கு அங்கேதான் போய்ச் சேரும்.

சரக்கை உள்ளே வாங்குதல்

வாசலில் விட்ட தவறை உள்ளே திருத்துவது பல மடங்கு கடினம். ஆகவே இந்த வேலைக்கு உங்களிடம் இருப்பவர்களில் மிகக் கவனமானவரை நிறுத்துங்கள்.

1. வண்டி டாக்கில் (சரக்கு இறக்கும் மேடை வாசல்) நின்றதும் எஞ்சினை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைத்து, சாவியை வாங்கி மாட்டி வைக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்குள் இருக்கும்போது லாரி நகர்ந்துவிடுவது கிடங்குகளில் நடக்கும் மிக மோசமான விபத்துகளில் ஒன்று.

2. கதவைத் திறக்கும் முன் சீல் எண்ணைப் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்துப் படம் எடுங்கள். உடைத்த பிறகு பேசிப் பயனில்லை. வலப்பக்கக் கதவை மட்டும் கொஞ்சமாகத் திறந்து பாருங்கள். பயணத்தில் சரிந்த சரக்கு கதவில் சாய்ந்து நிற்கலாம். கப்பலில் வந்த கன்டெய்னருக்குள் புகைமூட்ட மருந்தின் வாயு தங்கியிருக்கக்கூடும். அதற்கான எச்சரிக்கைச் சீட்டு இருந்தால், வாயு அளந்து சரியென்று தெரியும்வரை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது.

3. இறக்கத் தொடங்கும் முன் உள்ளே ஒரு பார்வை: கூரையில் வெளிச்சம் தெரியும் ஓட்டை, ஈரத்தடம், வேறு வாசனை, நசுங்கிய கீழ்ப்பெட்டி. இருக்கும் நிலையிலேயே படம் எடுங்கள். இறக்கிய பிறகு எடுத்த படம் யாரால் சேதமானது என்பதற்குச் சாட்சி ஆகாது.

4. எண்ணுபவர் கையில் பில்லின் எண்ணிக்கை இருக்கக் கூடாது. 480 என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டால் கண் 480-ஐத்தான் பார்க்கும். அவர் எண்ணி எழுதிய பிறகு இன்னொருவர் ஒத்துப் பார்க்கட்டும். ஒரு அடுக்கில் 10, ஐந்து அடுக்கு, ஆகவே 50 என்று பெருக்கி எழுதும் முன் பேலட்டை மேலிருந்து ஒருமுறை பாருங்கள். வெளிச்சுவர் நான்கும் முழுதாக இருந்து நடுவில் இரண்டு பெட்டி இல்லாத குழி இருப்பது வழக்கமாக நடப்பது.

5. பேட்ச் எண், காலாவதித் தேதி, எடை ஆகியவற்றைப் பொருளின் மேலிருந்தே எழுத வேண்டும், பில்லிலிருந்து அல்ல.

6. குறைவோ சேதமோ இருந்தால் கையெழுத்துக்கு மேலேயே எழுதுங்கள்: “3 பெட்டி நனைந்துள்ளது, 1 குறைவு.” வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் பிறகு இழப்பீடு கேட்பது பெரும்பாடு.

7. சீட்டு ஒட்டி, சரக்கு வரவுச் சீட்டு போட்டு, முகவரி தந்த பிறகுதான் பேலட் முற்றத்தைவிட்டு நகர வேண்டும். சந்தேகமானவற்றைத் தனியே நிறுத்தி, கணினியிலும் தடுத்து வையுங்கள். தரையில் மட்டும் ஒதுக்கிவிட்டுக் கணினியில் தடுக்காமல் விட்டால், மறுநாள் அதே பெட்டி ஆர்டருக்குப் போய்விடும்.

பேலட்டை அடுக்குவது

கைக்கு மிக எளிய வேலைபோலத் தெரியும் இதில்தான் சேதத்தின் பெரும்பங்கு இருக்கிறது. 400 × 300 மி.மீ. அட்டைப்பெட்டியை 1200 × 1000 பேலட்டில் எப்படி வைப்பது? எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்தால் 8 அல்லது 9 மட்டுமே அமையும். 400 மி.மீ. பக்கம் ஆழத்துக்கு வரும்படி ஒரு வரிசையில் 4, திருப்பி வைத்து 300 மி.மீ. ஆழத்தில் 3 வீதம் இரண்டு வரிசை. ஆழம் 400 + 300 + 300 = 1000; மொத்தம் 10 பெட்டி, ஓரத்தில் ஒரு விரல் அளவுகூட வீணில்லை, வெளியே நீட்டலும் இல்லை.

அடுத்த அடுக்கை எப்படி வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். செங்கல் சுவர்போல மாற்றி மாற்றி அடுக்கினால் பேலட் குலுங்காமல் நிற்கும் என்பது உண்மை. ஆனால் அட்டைப்பெட்டியின் பலம் நான்கு மூலைகளில் இருக்கிறது. மூலைக்கு நேர்மேல் மூலை வராவிட்டால் தாங்கும் எடையில் ஏறத்தாழ பாதி போய்விடும். ஆகவே கீழ் அடுக்குகளை நேருக்கு நேராக அடுக்கி, கடைசி ஒன்று அல்லது இரண்டு அடுக்கை மட்டும் திருப்பி வைத்துப் பிணையுங்கள். பெட்டி பேலட்டின் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் மூலை அந்தரத்தில் நின்று, சுமார் மூன்றில் ஒரு பங்கு பலம் குறையும். இவற்றோடு ஈரப்பதமும் சேரும். காற்றில் ஈரம் 90 சதவீதத்தை எட்டினால் அட்டை தன் பலத்தில் பாதியை இழக்கும். உலர்ந்த நாளில் நன்றாக நின்ற அடுக்கு மழைக்காலத்தில் உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

ஒரு கணக்கு. பெட்டி 12 கிலோ, ஐந்து அடுக்கு; அடிப்பெட்டியின் மேல் 48 கிலோ. அதே போன்ற இன்னொரு பேலட்டை அதன்மேல் ஏற்றினால் 600 கிலோ சரக்கும் 25 கிலோ பேலட்டும் பத்து நெடுவரிசைகளில் பரவி, அடிப்பெட்டிக்கு மொத்தம் 110 கிலோ. நாள்கணக்கில் நிற்கப்போகிறது, ஈரமும் அதிர்வும் உண்டு என்பதால் பெட்டியின் சோதனைப் பலம் இதைப்போல் 3 முதல் 5 மடங்கு இருக்க வேண்டும். 110 கிலோவுக்கு 150 கிலோ தாங்கும் பெட்டி போதும் என்று எடுத்துக்கொண்டால் இரண்டாவது வாரத்தில் சாயத் தொடங்கும்.

சரக்கை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாளான ஸ்ட்ரெச் ஃபிலிமைச் சுற்றும்போது முதல் மூன்று சுற்றும் பேலட்டின் மரத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பெட்டிகளை மட்டும் சுற்றினால் முழுச் சுமையும் ஒரே கட்டாகப் பேலட்டைவிட்டு வழுக்கி இறங்கும். மேலே போகும்போது ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடட்டும். உச்சியில் இரண்டு சுற்று, ஃபிலிம் மேல் விளிம்பைத் தாண்டி மடங்கும்படி. மூலை நசுங்குகிறது என்றால் ஃபிலிமைத் தளர்த்தாமல் மூலைக்கு அட்டைக் காப்பு வையுங்கள். வண்டியின் தூக்கும் கரமான ஃபோர்க் நுழையும் வாயை ஃபிலிம் மூடக் கூடாது.

எதை எங்கே வைப்பது, எப்படி எடுப்பது

பெரும்பாலான கிடங்குகளில் பொருள் வகைகளில் ஐந்தில் ஒரு பங்குதான் நகர்வில் பெரும்பகுதியைச் சுமக்கிறது. எத்தனை பெட்டி போனது என்பதைவிட எத்தனை முறை ஆள் அங்கே போய் நின்றார் என்பதை வைத்து வரிசைப்படுத்துங்கள். அடிக்கடி எடுப்பவை ஏற்றும் வாசலுக்கு அருகே, இடுப்பிலிருந்து தோள் வரை, அதாவது தரையிலிருந்து 75 செ.மீ. முதல் 1.4 மீட்டர் உயரத்துக்குள். கனமானவை இடுப்பு மட்டத்தில். கையால் தூக்கும் பெட்டிக்கு மிக நல்ல நிலையில்கூட 23 கிலோதான் வரம்பு என்று பணிநலக் கணக்குகள் சொல்கின்றன. உடலைத் திருப்பியோ கையை நீட்டியோ எடுக்க வேண்டியிருந்தால் அதிலும் குறையும்.

ஒரே மாதிரி பொதியுள்ள 500 மி.லி.யையும் 750 மி.லி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். நடுவில் முற்றிலும் வேறு தோற்றமுள்ள பொருள் ஒன்று வந்தாலே தவறு குறையும். ஒரே இடத்தில் இரண்டு பேட்ச் கலக்கவே கூடாது. காலாவதி உள்ளவற்றில் முதலில் வந்தது எது என்று பார்க்காமல், முதலில் காலாவதியாவது எது என்று பார்த்து எடுங்கள். நேற்று வந்த பேட்ச் போன மாதம் வந்ததைவிடப் பழையதாக இருக்கலாம்.

எடுப்பவரின் நேரத்தில் பாதிக்கு மேல் நடையிலேயே போகிறது. சிறிய ஆர்டர்கள் அதிகமென்றால், எட்டுப் பத்து ஆர்டரை ஒரே சுற்றில், தள்ளுவண்டியில் ஆர்டருக்கு ஒரு கூடை வைத்து எடுப்பது நல்ல பலன் தரும். அதிகம் போகும் பொருளுக்கு எடுக்கும் தட்டில் இரண்டு பேலட் இடம் கொடுங்கள். ஒன்று காலியானதும் மேலிருந்து அடுத்ததை இறக்கச் சொல்லும் ஆணை தானாகப் போகட்டும். இறக்கி முடியும்வரை இரண்டாவது தாக்குப்பிடிக்கும். ஏற்றும்போது கடைசியாக இறக்க வேண்டியது முதலில் உள்ளே போக வேண்டும், கனமானது கீழே. சரக்கு வண்டியின் முழு நீளத்துக்கு வராவிட்டால், அச்சுகளில் எடை சரியாகப் பகிரும்படி நிறுத்திக் கட்டுங்கள்.

வண்டியும் ரேக்கும்

2,000 கிலோ என்று எழுதிய ஃபோர்க்லிஃப்ட் எல்லாச் சுமையிலும் 2,000 கிலோ தூக்காது. அந்த எண், சுமையின் நடுப்புள்ளி ஃபோர்க்கின் நிமிர்ந்த பகுதியிலிருந்து 500 மி.மீ. தள்ளி இருக்கும்போது பொருந்துவது. 1.4 மீட்டர் ஆழமான பெட்டி என்றால் நடுப்புள்ளி 700 மி.மீ.க்குப் போய்விடும்; தூக்குதிறன் சுமார் 1,650 கிலோவாகக் குறையும். உயரத் தூக்கினால் இன்னும் குறையும். சரியான எண்ணை வண்டியின் தகட்டில் பாருங்கள்; கூடுதல் இணைப்பு ஏதும் மாட்டியிருந்தால் தகடும் மாற வேண்டும்.

ஓடும்போது ஃபோர்க் தரையிலிருந்து ஏறத்தாழ 150 மி.மீ. உயரத்தில், ஃபோர்க் ஏறி இறங்கும் தூணான மாஸ்ட் பின்னால் சாய்ந்து இருக்கட்டும். சரிவில் சுமையோடு போனால் சுமை எப்போதும் மேட்டுப் பக்கம். இறங்குவதானால் பின்னோக்கி இறங்க வேண்டும். சரிவில் திரும்பவே கூடாது. வண்டி கவிழ்கிறது என்றால் ஓட்டுநர் குதிக்கக் கூடாது. குதிப்பவர்மேல்தான் கூண்டு விழுகிறது. பெல்ட் போட்டபடி ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, விழும் பக்கத்துக்கு எதிரே சாய வேண்டும். நடப்பவர் வழியை வெறும் மஞ்சள் கோட்டால் பிரிப்பதைவிட இரும்புத் தடுப்பால் பிரிப்பது எவ்வளவோ மேல்.

ரேக் தூணில் வண்டி இடித்தால் உடனே சொல்ல வேண்டும். சொன்னவரைத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த இடி மறைக்கப்படும். 1 மீட்டர் நீள நேர்ச்சட்டம் ஒன்றை வளைவின் உட்பக்கத்தில் வைத்து நடுவிலுள்ள இடைவெளியை அளங்கள். ஐரோப்பிய ரேக் தரநிலையின் வரம்பு இது: பீம் ஓடும் திசையில் தூண் வளைவு 5 மி.மீ., ஆழவாக்கில் 3 மி.மீ., குறுக்குச் சட்டங்களில் 10 மி.மீ. இதற்குள் இருந்தால் குறித்து வைத்துக் கண்காணிக்கலாம். தாண்டினால் பழுது பார்க்க வேண்டும், இனி அதில் சரக்கு ஏற்றக் கூடாது. வரம்பைப்போல் இரண்டு மடங்கு தாண்டினால் அந்தக் கட்டத்தை உடனே காலி செய்து கயிறு கட்டிவிடுங்கள். வளைந்ததைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதும், வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது. பகுதியையே மாற்ற வேண்டும். பீமின் பூட்டு முள் எல்லா முனையிலும் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை நடந்து பாருங்கள். அந்தச் சின்ன முள் இல்லாவிட்டால் ஃபோர்க் கீழிருந்து லேசாக நெம்பினாலே பீம் கழன்று மேலிருக்கும் சரக்கோடு விழும். ஆண்டுக்கு ஒருமுறையாவது வெளி நிபுணர் முழு ரேக்கையும் பார்க்க வேண்டும்.

ஈரம், பூச்சி, குளிர்

சுவரை ஒட்டி எதையும் அடுக்காதீர்கள். 45 செ.மீ. அகலத்துக்குச் சுவரோரம் வெள்ளை வண்ணம் அடித்து வெறுமையாக விடுங்கள். எலிப் புழுக்கையும் நீர்க்கசிவும் அதில் உடனே கண்ணில் படும். சுண்டெலிக்கு 6 மி.மீ. சந்து போதும், பெரிய எலிக்கு 12 மி.மீ. ஆகவே கதவின் அடியில் பென்சில் நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் அடைக்க வேண்டும். மூட்டைகள் தரையில் படாமல் பலகைமேல் இருக்க வேண்டும். நெல்லைச் சேமிக்க ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வெளிவிடும் வாயு உயிரைப் பறிக்கும். அந்த வேலை உரிமம் பெற்றவர்களுடையது.

குளிர்கிடங்கில் வெப்பமானியைக் குளிரூட்டியின் வாயிலேயே வைத்துவிட்டு எல்லாம் சரி என்று நினைப்பது வழக்கமான தவறு. கதவருகே, மேல் தட்டின் உச்சி, காற்று எட்டாத மூலை என மூன்று இடங்களிலாவது பதிவுக்கருவி வையுங்கள். 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய தடுப்பூசிகளில் பல உறைந்தால் வீணாகிவிடும். கீழ் வரம்பையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும்.

தீ

தீப்பிடித்தால் மேலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரின் தலைக்கும் சரக்கின் உச்சிக்கும் நடுவே குறைந்தது 450 மி.மீ. இடைவெளி வேண்டும், உயரக் கிடங்குகளுக்கான விரைவுச் செயல் வகை என்றால் 900 மி.மீ. மேலே பார்த்த 6.66 மீட்டர் உச்சிக்கு அதன்மேல் 900 சேர்த்தால் ஸ்பிரிங்க்ளர் தலை 7.56 மீட்டருக்குக் கீழே இருக்கக் கூடாது. முதுகோடு முதுகு ரேக்குகளின் நடுவே விட்ட 150 மி.மீ. இடைவெளி வீண் இடமல்ல. வெப்பம் மேலே ஏறி ஸ்பிரிங்க்ளரைத் திறக்கவும், தண்ணீர் கீழ்த் தட்டுக்கு இறங்கவும் அதுதான் வழி. பேலட்டைத் தள்ளி அதை அடைத்துவிடாதீர்கள்.

ஸ்பிரிங்க்ளர் அமைப்பு ஒரு குறிப்பிட்ட வகைச் சரக்குக்கும் உயரத்துக்கும் கணக்கிட்டது. அட்டைப்பெட்டியில் உணவுப்பொருள் வைத்திருந்த இடத்தில் நுரைமெத்தையோ, ஏரோசால் டப்பாவோ, லித்தியம் பேட்டரியோ வைக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் தீயணைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள். காலி மரப் பேலட் அடுக்கு சரக்கைவிட மூர்க்கமாக எரியும். கூடுமானவரை வெளியே, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். உள்ளேதான் என்றால் உயரம் 1.8 மீட்டரைத் தாண்ட வேண்டாம். ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும்; காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அந்த இடத்தின் கூரையடியில் காற்றுப்போக்கு கட்டாயம். அமிலத்தையும் பிளீச்சையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கசிந்து கலந்தால் குளோரின். திரவ இரசாயனங்களைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவர் மிகப்பெரிய பீப்பாயின் கொள்ளளவில் 110 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும்.

எண்ணுவதும் ஒத்துப்பார்ப்பதும்

ஆண்டுக்கு ஒருமுறை கதவைப் பூட்டிவிட்டு எண்ணுவதைவிட, தினமும் கொஞ்சம் எண்ணுவது நல்லது. அதிகம் நகர்பவை மாதம் ஒருமுறை, நடுத்தரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மெதுவானவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எண்ணும் நேரத்தில் அந்த இடத்தின் நகர்வைக் கணினியில் நிறுத்தி வையுங்கள். இங்கும் எண்ணுபவருக்குக் கணக்கு எண் தெரியக் கூடாது.

துல்லியத்தை இடங்களின் எண்ணிக்கையில் அளங்கள். 200 இடம் எண்ணி 194 ஒத்துப்போனால் 97 சதவீதம். மொத்த மதிப்பில் அளந்தால் ஓரிடத்தில் 10 கூடுதலும் இன்னோரிடத்தில் 10 குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எல்லாம் சரி என்று காட்டும். ஆனால் இரண்டு இடத்திலும் ஆர்டர் தவறும்.

வித்தியாசம் வந்தால் உடனே திருத்தி எழுதாமல் இந்த வரிசையில் தேடுங்கள்: முதலில் வேறொருவரைக் கொண்டு மறுபடி எண்ணுதல். பிறகு மேல், கீழ், இடம், வலம் ஆகிய அடுத்த நான்கு இடங்கள். பிறகு இறக்கும் முற்றமும் ஏற்றும் முற்றமும். அடுத்து, அதே தோற்றமுள்ள பொருளின் இடத்தில் அதே எண்ணிக்கை கூடுதலாக இருக்கிறதா? அடுத்து அலகு: பெட்டியாக வாங்கியதைத் துண்டாகப் பதிந்திருந்தால் 12 அல்லது 24 துண்டுப் பெட்டிக்கு வித்தியாசம் 11 அல்லது 23-இன் மடங்காக வரும், பார்த்ததுமே தெரிந்துவிடும். கடைசியில் முடிக்காமல் விட்ட ரசீதுகளும் திரும்பி வந்த சரக்கும். இவ்வளவுக்கும் பிறகு கிடைக்கவில்லை என்றால் மட்டும் கணக்கைத் திருத்துங்கள். திருத்தத்துக்குக் கையெழுத்திடுபவர் எண்ணியவராக இருக்கக் கூடாது, காரணத்தையும் ஒரு வரியில் பதிந்து வைக்க வேண்டும். மாதக் கடைசியில் அந்தக் காரணங்களை அடுக்கிப் பாருங்கள்; எந்த நடைவழியில், எந்த வேளையில், எந்தப் பொருளில் பிசகு திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும், அடுத்த மாத எண்ணிக்கையை அங்கிருந்து தொடங்கலாம்.